மூடிய குழியும் ஓடிய நீரும்

நுழையும்முன்

வேண்டாத பொருளை வீட்டுக்கு வெளியே போட்டதும் அது ஒழிந்துவிட்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் அப்பொருள் இடம் மாறியிருக்கிறதேயன்றி இல்லாமற் போய்விடவில்லை. மண்ணில் புதைத்த நஞ்சு மழைநீரோடு சேர்ந்து எங்கே செல்கிறது? குழியை மூடிவிட்டால் அதன் பயணம் நின்றுவிடுமா? அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த வரலாற்றின் வழியே இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

ஊருக்கு வெளியே ஒரு நிலம்

அமெரிக்காவின் தென்பகுதி மாநிலங்களுள் ஒன்று டென்னசி. அதன் தென்மேற்கே ஹார்டிமன் என்னும் வட்டாரம் உள்ளது. வயல்களும் காடுகளும் சூழ்ந்த அவ்வட்டாரத்தில் டூன், டீக் போன்ற சிற்றூர்கள் அமைந்துள்ளன. கடந்த நூற்றாண்டின் இடைப்பகுதியில் அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டுக் கிணறே நீராதாரமாக இருந்தது. குடிப்பது, சமைப்பது, குளிப்பது ஆகிய அனைத்துக்கும் அந்தக் கிணற்று நீரையே அவர்கள் நம்பியிருந்தனர்.

அவ்வட்டாரத்துக்கு மேற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் மெம்பிஸ் என்னும் பெருநகரம் உள்ளது. அங்கு வெல்சிகால் என்னும் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆலை இயங்கியது. என்ட்ரின், ஹெப்டாகுளோர் முதலிய பூச்சிக்கொல்லிகள் அந்த ஆலையில் உருவாயின. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வேளாண்மையில் பூச்சிக்கொல்லிகளின் பயன்பாடு பெருகியது. உற்பத்தி பெருகியபோது கழிவும் பெருகியது. விளைச்சலைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கழிவைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை.

1962ஆம் ஆண்டில் ரேச்சல் கார்சன் எழுதிய 'மௌன வசந்தம்' என்னும் நூல் வெளிவந்தது. பூச்சிக்கொல்லிகள் பூச்சிகளோடு நின்றுவிடாமல் மண், நீர், பறவை, மீன் என உயிர்ச்சங்கிலி முழுவதிலும் பரவுவதை அந்நூல் மக்களுக்கு உணர்த்தியது. அடுத்த ஆண்டின் இறுதியில் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் மீன்கள் பெருந்திரளாகச் செத்து மிதந்தன. என்ட்ரினே அதற்குக் காரணம் என்று கூறிய அரசு ஆய்வாளர்கள், மெம்பிஸ் ஆலையைச் சுட்டிக்காட்டினர். நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. எனினும், ஆற்றில் கலக்கும் கழிவு அனைவர் கண்ணிலும் படும் என்பது அந்நிகழ்வால் வெளிப்பட்டது.

1964ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஹார்டிமன் வட்டாரத்தில் 242 ஏக்கர் நிலத்தை வாங்கியது. அவ்வாண்டு அக்டோபர் முதல் அந்நிலத்தின் ஒரு பகுதியில் நீண்ட பள்ளங்கள் வெட்டப்பட்டு, ஆலைக்கழிவு நிரம்பிய இரும்புப் பீப்பாய்கள் அவற்றில் புதைக்கப்பட்டன. 1973ஆம் ஆண்டு வரை புதைக்கப்பட்ட பீப்பாய்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 3,00,000. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளளவு உடையது.

பள்ளங்களின் அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு எதுவும் இடப்படவில்லை. அவ்விடத்து மண் எத்தகையது, நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது, அது எத்திசையில் செல்கிறது என்னும் ஆய்வுகளும் முன்னதாகச் செய்யப்படவில்லை. கசிவைக் கண்டறிவதற்கான கண்காணிப்புக் கிணறு ஒன்றுகூடத் தோண்டப்படவில்லை. நிலம் மலிவாகக் கிடைத்தது. சுற்றிலும் மக்கள்தொகை குறைவு. அந்நாளில் தடுக்கும் சட்டமும் வலுவாக இல்லை. நகரத்தின் கழிவு சிற்றூரைத் தேடி வந்ததற்கு இவையே போதுமானவையாக இருந்தன.

நிலத்தடி நீர் நகரும் விதம்

அடுத்து நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள நிலத்தடி நீரின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். நிலத்தின் அடியில் பெரிய ஏரியொன்று தேங்கி நிற்பதாகப் பலர் கருதுகின்றனர். அக்கருத்து பெரும்பாலும் சரியன்று. மணற்பரல்களின் இடையிலும் பாறைகளின் வெடிப்புகளிலும் உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் நிறைந்துள்ளது. அவ்வாறு நீரைத் தாங்கி நிற்கும் அடுக்கே நீர்த்தாங்கி எனப்படும். அதன் மேல் எல்லையை நீர்மட்டம் என்கிறோம். கிணறு தோண்டும்போது நீர் தேங்கி நிற்கும் உயரம் இந்த நீர்மட்டத்தையே காட்டுகிறது.

நீர்மட்டம் எங்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அது ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் சரிவாக அமைந்திருக்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஆறு ஓடுவதுபோல, நிலத்தடி நீரும் நீர்மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு நகர்கிறது. ஆற்றின் வேகம் அதற்கு இல்லை. மண்ணின் இயல்புக்கேற்ப ஒரு நாளில் சில சென்டிமீட்டரோ ஓர் ஆண்டில் சில மீட்டரோ மட்டுமே அது நகரக்கூடும். மணலில் விரைவாகவும் களிமண்ணில் மிக மெதுவாகவும் செல்லும். சரிவு மிகுந்தால் ஓட்டம் மிகும் என்னும் இவ்விதியைப் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நிலத்தடி நீர் செல்லும் திசையை அறிய ஒரு கிணறு போதாது. நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு மூன்றிலும் நீர் நிற்கும் உயரத்தை அளந்தால், நீர்மட்டம் எப்பக்கம் சரிந்துள்ளது என்பதைக் கணக்கிடலாம். பரப்பு விரியும்போது கிணறுகளின் எண்ணிக்கையும் கூடுதல் வேண்டும். நிலத்தின் மேற்பரப்பு கிழக்கே சரிந்திருப்பதைக் கொண்டு மட்டும் அடியில் உள்ள நீரும் கிழக்கே செல்கிறது என முடிவுசெய்தல் தவறாக முடியலாம். மண்ணடுக்குகளின் அமைப்பும் நீர் இறைப்பும் ஓட்டத்தின் திசையை மாற்ற வல்லவை.

புதைத்த பீப்பாய்களுக்கு என்ன நேரும்? ஈரமண்ணில் இரும்பு துருப்பிடிக்கும். பீப்பாயில் துளை விழும். வெட்டி நிரப்பிய மண் இறுக்கம் குறைந்தது. எனவே மழைநீர் அதனுள் எளிதில் இறங்கும். கழிவின் ஊடே இறங்கும் நீர் அதன் வேதிப்பொருள்களைக் கரைத்துக்கொண்டு கீழே செல்லும். இதுவே கசிவுநீர். கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோபார்ம் ஆகியவை நீரைவிட அடர்த்தி மிகுந்தவை. கார்பன் டெட்ராகுளோரைடு நீரைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு அடர்த்தி உடையது. எண்ணெயைப்போல் இவை நீரின் மேல் மிதப்பதில்லை; நீர்த்தாங்கியின் அடிவரை இறங்கி, ஆங்காங்கே தங்கி, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க விதிமுறையின்படி ஒரு லிட்டர் குடிநீரில் கார்பன் டெட்ராகுளோரைடு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வாறாயின், ஒரே ஒரு கிராம் கார்பன் டெட்ராகுளோரைடு 2,00,000 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுசென்றுவிடும். ஒரு பீப்பாய்க் கழிவின் ஆற்றலை இக்கணக்கிலிருந்து உய்த்துணரலாம்.

முதல் ஆய்வும் ஒரு தவறான நம்பிக்கையும்

பீப்பாய்களை ஏற்றிய வண்டிகளின் வருகை தொடர்ந்தது. ஊர் மக்களும் அலுவலர்களும் கவலையுற்றனர். 1967ஆம் ஆண்டில் அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனம் அவ்விடத்தை ஆராய்ந்தது. வேதிப்பொருள்கள் பள்ளங்களைவிட்டு வெளியேறி, தரைக்கு அடியில் 90 அடி ஆழம் வரை இறங்கிவிட்டதை அவ்வாய்வு கண்டறிந்தது. காலப்போக்கில் அவை நீர்த்தாங்கியை அடையக்கூடும் என்றும் எச்சரித்தது. ஆனால், நிலத்தடி நீர் கிழக்கு நோக்கிச் செல்வதாகவும், ஆதலால் அருகிலுள்ள மக்களின் கிணறுகள் பாதிக்கப்படமாட்டா என்றும் அந்த ஆய்வறிக்கை கருதியது.

அறிக்கையில் எச்சரிக்கையும் இருந்தது, ஆறுதலும் இருந்தது. எச்சரிக்கையைக் காட்டிலும் ஆறுதலே ஏற்றுக்கொள்ள எளிதாயிற்று. கழிவு புதைத்தல் நின்றுவிடவில்லை. மாறாக, கிடங்கின் பரப்பு 20 ஏக்கரிலிருந்து 40 ஏக்கராக விரிந்தது. மண்ணுக்குள் 90 அடி இறங்கிய நஞ்சு மேலும் இறங்காது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. திசையைப் பற்றிய கணிப்பு ஒன்றே மக்களின் கிணறுகளுக்கும் நஞ்சுக்கும் இடையே நின்ற காவலாக இருந்தது.

மூடப்பட்ட கிடங்கு

1972ஆம் ஆண்டில் டென்னசி மாநில அரசு நடவடிக்கையில் இறங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்துடன் நச்சு வேதிப்பொருள்களைப் புதைப்பதையும், 1973ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் எஞ்சிய வேதிக்கழிவுகளைப் புதைப்பதையும் நிறுத்த ஆணையிட்டது. கிடங்கு மூடப்பட்டது. வண்டிகளின் வருகை நின்றது. புதைத்த இடத்தின்மேல் புல் முளைத்தது. மேலிருந்து நோக்குவோருக்கு அந்நிலம் மற்றுமொரு வெளியாகவே தோன்றியிருக்கும்.

மூடியது வாயிலை மட்டுமே. உள்ளே 3,00,000 பீப்பாய்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு மழையும் கசிவுநீரைக் கீழே தள்ளியது. நிலத்தடி நீரின் ஓட்டம் எவருடைய ஆணைக்கும் கட்டுப்படவில்லை. ஒரு தொழிற்சாலையை மூடினால் அதன் புகை அன்றே நின்றுவிடும். கழிவுக்கிடங்கு அத்தகையதன்று, அதன் பாதிப்பு பெரும்பாலும் மூடிய பின்னரே வெளிப்படுகிறது.

மாறிய கிணற்று நீர்

1977ஆம் ஆண்டளவில் கிடங்கை அடுத்து வாழ்ந்த மக்கள் தங்கள் கிணற்று நீரில் மாற்றத்தை உணர்ந்தனர். நீரில் தீநாற்றம் வீசியது, சுவையும் கெட்டது. கிடங்கு மூடப்பட்டு அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1978ஆம் ஆண்டில் கிணற்று நீர் சோதிக்கப்பட்டபோது கார்பன் டெட்ராகுளோரைடும் குளோரோபார்மும் உயர்ந்த அளவில் இருப்பது தெரியவந்தது. நிலவியல் அளவாய்வு நிறுவனம் மீண்டும் மேற்கொண்ட ஆய்வு, நிலத்தடி நீர் மக்களின் கிணறுகள் இருந்த பக்கம் நோக்கியும் செல்வதைக் காட்டியது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் கணித்த திசை பொய்த்துப்போயிற்று.

மக்கள் அந்நீரைக் குடிப்பதை நிறுத்தினர். ஆயினும், குடிப்பதால் மட்டுமே தீங்கு என்று எண்ணுதல் கூடாது. கார்பன் டெட்ராகுளோரைடு எளிதில் ஆவியாகும் பொருள். அந்நீரைச் சூடாக்கிக் குளிக்கும்போது அது காற்றில் கலந்து மூச்சுவழியே உடலுக்குள் செல்லும். எனவே, குளிப்பதற்கும் அந்நீர் தகுதியற்றதாயிற்று. வீட்டு முற்றத்துக் கிணறு பயனற்றுப்போவது எத்துணைப் பெரிய இழப்பு என்பதைக் கிணற்றை நம்பி வாழ்வோர் நன்கு அறிவர்.

அவ்வாண்டு நவம்பரில் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அம்மக்களின் உடல்நிலையைச் சோதித்தனர். மாசடைந்த நீரைப் பயன்படுத்தியோர் சிலரிடம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளின் அளவு மிகுந்திருந்தது. கார்பன் டெட்ராகுளோரைடு முதலில் தாக்கும் உறுப்புகளுள் கல்லீரலும் ஒன்று. அந்நீரைக் கைவிட்டு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது அந்த அளவுகள் பெரிதும் இயல்புநிலைக்குத் திரும்பியிருந்தன. நோய்க்கும் நீருக்கும் உள்ள தொடர்பை உணர்த்திய சான்று இது. காலத்தே நிறுத்தினால் உடல் மீளக்கூடும் என்பதையும் அது காட்டியது.

ஒரு மாணவியின் கடிதம்

இச்செய்தி சிற்றூரைக் கடந்து நாட்டின் தலைநகரை அடைந்ததில் பள்ளி மாணவி ஒருவருக்கும் பங்குண்டு. அந்நாளில் டென்னசியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வு பெற்றிருந்தவர் அல் கோர் என்னும் இளைஞர்; பின்னாளில் அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவரானவர். மேற்கு டென்னசியைச் சேர்ந்த மேல்நிலைப்பள்ளி மாணவி ஒருவர் தமக்கு எழுதிய கடிதத்தை அவர் 1999ஆம் ஆண்டில் ஒரு பள்ளியில் உரையாற்றும்போது நினைவுகூர்ந்தார். தம் வீட்டுக் கிணற்று நீரின் சுவை மாறியிருப்பதையும், தந்தைக்கும் பாட்டனாருக்கும் இனம்புரியாத நோய் வந்திருப்பதையும், அந்நோய்க்கு நீரே காரணமாக இருக்கக்கூடும் எனத் தாம் ஐயுறுவதையும் அம்மாணவி அதில் தெரிவித்திருந்தார்.

அம்மாணவியிடம் ஆய்வகம் இல்லை. அறிவியல் பட்டமும் இல்லை. நீரின் சுவை மாறியதைக் கவனித்தார். அதனை வீட்டில் நேர்ந்த நோயோடு இணைத்துப் பார்த்தார். தம் ஐயத்தை உரியவருக்கு எழுத்தில் தெரிவித்தார். கவனித்தல், தொடர்புபடுத்துதல், வினவுதல் ஆகிய மூன்றும் அறிவியலின் முதற்படிகள் அல்லவா?

அக்கடிதத்தைத் தொடர்ந்து நாடாளுமன்றக் குழுவின் விசாரணைகள் நடைபெற்றன. நியூயார்க் மாநிலத்தில் வேதிக்கழிவுக் கிடங்கின்மேல் வீடுகளும் பள்ளியும் எழுந்த 'லவ் கால்வாய்' பகுதியின் துயரமும் அக்காலத்திலேயே வெளிப்பட்டது. நாடெங்கும் இத்தகைய பழைய கிடங்குகள் மறைந்து கிடப்பதை மக்கள் உணர்ந்தனர். அதன் விளைவாக, 1980ஆம் ஆண்டு டிசம்பரில் கைவிடப்பட்ட நச்சுக்கழிவு இடங்களைத் தூய்மைப்படுத்துவதற்கான கூட்டாட்சிச் சட்டம் பிறந்தது. 'சூப்பர்பண்ட்' என்னும் பெயரால் அது பரவலாக அறியப்படுகிறது. மாசுபடுத்தியவரே தூய்மைப்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. 1983ஆம் ஆண்டில் ஹார்டிமன் கிடங்கு அச்சட்டத்தின்கீழ் முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நீதிமன்றத்தில் எழுந்த வினா

பாதிக்கப்பட்ட மக்கள் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 1986ஆம் ஆண்டில் கீழமை நீதிமன்றம் நிறுவனமே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை ஆராய்ந்த நீதிமன்றம் 1988ஆம் ஆண்டில் அந்தப் பொறுப்பை உறுதிசெய்தது. ஆயினும், இழப்பீட்டில் சிலவற்றை அது ஏற்கவில்லை. நீர் மாசடைந்தது என்பதை மெய்ப்பித்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவருடைய நோயும் அந்நீரால்தான் வந்தது என்பதையும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. எதிர்காலத்தில் புற்றுநோய் வரக்கூடிய வாய்ப்பு கூடியிருக்கிறது என்பதற்காகக் கோரிய இழப்பீட்டையும் அது மறுத்தது.

சட்டத்தின் நோக்கில் இவ்வினா நியாயமானதே. எனினும், நஞ்சைக் குடித்தவருக்கு அது பெருஞ்சுமையாகும். பல ஆண்டுகளுக்குப் பின் தோன்றும் நோயின் மூலத்தை எளிய குடும்பம் ஒன்று எங்ஙனம் மெய்ப்பிக்கும்? எந்நாளில், எந்த அளவு நஞ்சு உடலில் சேர்ந்தது என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை. கண்காணிப்புக் கிணறுகளைத் தொடக்கத்திலேயே தோண்டியிருந்தால் அக்கணக்கு இருந்திருக்கும். கசிவும் முன்னரே தெரிந்திருக்கும்.

எளிதில் முடியாத பணி

1980ஆம் ஆண்டில் கிடங்கின்மீது களிமண் மூடி அமைக்கப்பட்டது. மழைநீர் உள்ளே இறங்குவதைக் குறைப்பதே அதன் நோக்கம். மக்களுக்குக் குழாய்வழியே மாற்றுக் குடிநீர் வழங்கப்பட்டது. மாசடைந்த நிலத்தடி நீரை இறைத்துத் தூய்மைப்படுத்தும் பணியும் பின்னர் மேற்கொள்ளப்பட்டது.

இப்பணி ஏன் நீள்கிறது? ஓர் ஆற்றில் கழிவு கலப்பதை நிறுத்தினால் புதுவெள்ளம் வந்து அதனை அடித்துச் செல்லும். நிலத்தடி நீருக்கு அத்தகைய வெள்ளம் இல்லை. வெயிலும் காற்றும் அதனைத் தீண்டுவதில்லை. நீரை இறைக்க இறைக்க, மண்பரல்களிலும் களிமண் அடுக்குகளிலும் ஒட்டியிருந்த நஞ்சு மீண்டும் நீரில் கரைகிறது. புதைப்பதற்கு ஆன காலம் ஒன்பது ஆண்டுகள். மீட்பதற்கான காலமோ தலைமுறைகளாக நீளக்கூடும். கழிவைப் புதைத்தபோது மிச்சமானதாகத் தோன்றிய செலவு, பின்னாளில் பன்மடங்காக வேறொருவரிடம் வந்து சேர்கிறது.

ஹார்டிமன் வரலாறு உணர்த்துவது பூச்சிக்கொல்லியின் தீங்கை மட்டுமன்று. ஒரு கிடங்கு அமையும் முன்னரே அவ்விடத்தின் மண்ணையும் நீரோட்டத்தையும் ஆராய்தல் வேண்டும். கசிவைத் தடுக்கும் அடுக்கும், நாற்புறமும் கண்காணிப்புக் கிணறுகளும் அமைத்தல் வேண்டும். மூடிய பின்னும் நீரைச் சோதித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். ஆய்வு முடிவு ஆறுதல் தரும்போதுதான் அதனை மேலும் கூர்ந்து வினவுதல் வேண்டும். ஊருக்கு வெளியே என்று ஒருவர் குறிப்பிடும் இடம் வேறொருவருக்கு ஊராக இருக்கிறது. அங்கும் ஒரு கிணறு உண்டு, அதன் நீரைக் குடிப்பவரும் உண்டு. மண்ணின்மேல் வேலி போடலாம்; மண்ணுக்கடியில் நீருக்கு வேலியில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் குப்பை எங்கே கொட்டப்படுகிறது, அதற்கு மிக அருகில் உள்ள கிணறு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அறிந்து, வரைபடம் ஒன்றில் குறிக்க.

2. கிணற்று நீரின் நிறத்திலோ மணத்திலோ மாற்றம் காணப்படுவதாகக் கொண்டு, நீரைச் சோதிக்க வேண்டி உரிய அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.

3. 'கழிவுக்கிடங்கை மூடுவதோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது' என்னும் கருத்தை மறுத்து வகுப்பறையில் உரையாற்றுக.